லயத்து முகங்களை வரைவது யார்

கோலசிலாங்கூர்த் தோட்டப்புறத்தில் வேர்விட்ட நாவல் ஒன்று 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. பெயர் ‘மலேசி’. எழுதிய ஆன்ரி ஃபொக்கொன்யே எழுத்தாளர் ஆவதற்கு முன்பே தோட்டத் துரை ஆகிவிட்டவர். 1905இல் மலாயா வந்தார்; ரந்தாவ் பாஞ்சாங்கில் காட்டை வெட்டிப் பால்மரம் வைத்தார். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை பயிரானது முதன்முதலில் அங்கேதான். தோட்டத்தின் பெயர் தமிழ். விடியற்காலைப் பெயர்ப்பதிவான பிரட்டுக்கு நின்று, காடு வெட்டி, பால் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் நாவலிலும் வருகிறார்கள். கதையைச் சொல்லும் குரல் மட்டும் துரையுடையது.

அந்தப் பரிசுக்கு இன்னும் சில ஆண்டுகளில் நூறு வயது. இதே தோட்டப்புறத்தை வைத்து வேறொரு வகை நாவல் செய்வது இப்போது எளிதாகிவிட்டது. ஒரு பழைய மடிக்கணினி, இலவச மென்பொருள் ஒன்று, சொன்னதைப் படமாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று இருந்தால் போதும். துரையும் வேண்டாம், பாரிஸ் பதிப்பகமும் வேண்டாம், ஓவியரும் வேண்டாம். சிக்கல் இந்த ஓவியரிடம்தான் தொடங்குகிறது.

காட்சி நாவல் என்பது பாதி புத்தகம், பாதி விளையாட்டு. திரையில் ஒரு பின்னணி, அதன்மேல் ஒரு பாத்திரத்தின் உருவம், கீழே பெட்டிக்குள் உரையாடல். தட்டத் தட்டக் கதை நகரும். சில இடங்களில் வாசகர் ஒரு முடிவு எடுக்க வேண்டும், கதை அதன்படி கிளை பிரியும். 1983இல் யூஜி ஹோரி செய்த ‘போர்ட்டோப்பியா தொடர்கொலை வழக்கு’ முதலான ஜப்பானிய விளையாட்டுகளிலிருந்து வளர்ந்த வடிவம் இது. 2004இல் ரென்பை என்ற இலவச மென்பொருள் வந்த பிறகு நிரல் எழுதத் தெரியாதவர்களும் இதில் இறங்கினார்கள்.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் அந்நியமான பண்டம் அல்ல. ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் கல்கியில் தொடங்கியபோது மணியம் வரைந்த வந்தியத்தேவன்தான் இன்றும் பலர் மனத்தில் வந்தியத்தேவன். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் ஜெயராஜின் கோடுகளோடு சேர்ந்தே நினைவில் நிற்கிறார்கள். தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: படம் கதைக்கு உடுத்திய சட்டை அல்ல, அது கதையின் சதை. ஜெயராஜ் வரைந்த பெண்களைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் உண்டு, பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டவர்களும் உண்டு. இரு சாராருக்கும் யாரைத் திட்டுவது, யாரைப் பாராட்டுவது என்பது தெரிந்திருந்தது. படத்தின் ஓரத்தில் கையெழுத்து இருந்தது.

காட்சி நாவல்களில் பலவற்றோடு ஒட்டிவரும் ‘வயதுவந்தோருக்கான’ என்ற அடைமொழியைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுவது நல்லது. கடன், மணமுறிவு, குடி, சாவு எல்லாம் வயதுவந்தோர் விஷயங்கள்தாம். ஆனால் இணையக் கடைகளில் அந்த முத்திரை பெரும்பாலும் பாலுறவுக் காட்சிகளையே குறிக்கிறது. தனியாள்கள் செய்து, மாதச் சந்தாவில் வாசகர்களிடம் பணம் பெற்று வளர்ந்த துறை இது. இதை மட்டமானது என்று ஒதுக்கிவிட முடியாது. ‘கட்டாவா ஷோஜோ’ என்ற இலவசக் காட்சி நாவல் இதற்குச் சான்று. ஜப்பானிய ஓவியர் ஒருவரின் ஒற்றைப் பக்கக் கோட்டோவியத்தைக் கண்டு, இணையத்தில் சந்தித்த தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து 2012இல் வெளியிட்டது. உடல் ஊனமுற்ற பெண்களைப் பற்றிய காதல்கதை, அதிலும் படுக்கையறைக் காட்சிகளோடு, என்று கேட்டதும் பலர் முகம் திருப்பினார்கள். படித்த பின் பலர் மதித்தார்கள்.

ஆண்டுக்கணக்கு என்றதும் பணக்கணக்கு வந்துவிடுகிறது. ஆறு பாத்திரங்கள், ஆளுக்கு எட்டு முகபாவம், இரண்டு உடை என்று வைத்தாலே தொண்ணூற்றாறு உருவங்கள். அதன்மேல் முப்பது பின்னணிகள், ஐம்பது அறுபது சிறப்புக் காட்சிகள். ஒரு படத்துக்கு நூறு வெள்ளி என்று பிசுக்கிக் கொடுத்தாலும் பதினேழாயிரம் வெள்ளியைத் தாண்டும். விற்பனை என்னாகும் என்று தெரியாமல், செம்பனைக் காட்டிலோ தொழிற்சாலையிலோ வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளை இதை எங்கிருந்து புரட்டும்? செயற்கை நுண்ணறிவு எந்திரம் போடும் படங்களை எதிர்ப்பவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். குதிக்கக் கூடாது.

இந்தத் துறைக்குக் கடன் வாங்கிய முகங்கள் புதிதும் அல்ல. படம் போடும் எந்திரம் வருவதற்கு முன்பே, மேற்கத்திய வயதுவந்தோர் காட்சி நாவல்களில் கணிசமானவை டேஸ் என்ற முப்பரிமாண மென்பொருளின் ஆயத்த உடல்களை வாங்கி, சட்டை மாற்றி, விளக்குப் போட்டு உருவானவை. ஒரே கதாநாயகி பத்துக் கதைகளில் பத்துப் பெயர்களில் வருகிறாள் என்ற கேலி அப்போதே உண்டு. ஆனாலும் அந்த உடல் யாரோ ஒரு சிற்பி செய்து விலைக்கு விட்ட பொருள். வாங்கியதற்கு ரசீது உண்டு.

2022 ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் பொதுவெளிக்கு வந்ததும் ரசீது காணாமல் போனது. இணையத்திலிருந்து வாரிய கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு ஒட்டியிருந்த குறிப்புகளையும் தின்று பழகிய எந்திரம் அது. இரைச்சல் புள்ளிகள் நிறைந்த வெற்றுப் படத்திலிருந்து தொடங்கி, கேட்ட சொல்லுக்குப் பொருந்தும் வகையில் இரைச்சலைப் படிப்படியாக நீக்கி, ஓர் உருவத்தைக் கொண்டுவரும். அதே ஆண்டு அக்டோபரில் நாவல்ஏஐ நிறுவனத்தின் அனிமே பாணி எந்திரம் வந்தது. அது பயின்றது டான்பூரு என்ற ரசிகர் கிடங்கில். அங்கே தலைமுடியின் நிறம், பாவாடையின் நீளம், கண்ணின் சாயல் என ஒவ்வொன்றுக்கும் ரசிகர்களே பொறுமையாகச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். எந்திரத்தின் சொல்வளம் அந்தச் சீட்டுகள்தாம். பள்ளிச் சீருடையில் எத்தனை வகை என்று அதற்குத் தெரியும். பால்வெட்டுக்குப் போகும் பெண் தலையில் துண்டை எப்படிச் சுற்றுவாள், மங்கும் வாளியும் எந்தக் கையில் இருக்கும், நெற்றி விளக்கை எங்கே கட்டுவாள் என்பதற்கெல்லாம் அங்கே சீட்டு ஒட்டுவார் யார்?

எந்திரத்துக்குத் தெரியாதது ஒரு பங்கு. தெரிந்ததாக நினைத்துக்கொண்டு தருவது அதைவிடத் தொல்லை. ரெஸ்ட் ஆஃப் வோர்ல்ட் இதழ் 2023இல் மிட்ஜர்னி என்ற படச் செயலியிடம் பல நாட்டு மனிதர்களையும் பொருள்களையும் கேட்டு 3,000 படங்கள் எடுத்துப் பார்த்தது. ‘இந்தியர்’ என்று கேட்டபோதெல்லாம் பெரும்பாலும் வந்தவர் தாடியும் தலைப்பாகையுமாக ஒரு முதியவர். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வரவில்லை, கண்ணாடி போட்ட பள்ளி ஆசிரியையும் வரவில்லை. அதே ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சவுரஜித் கோஷும் அய்லின் கலிஸ்கனும் ஸ்டேபிள் டிஃப்யூஷனை ஆராய்ந்து சொன்னது இன்னும் கசப்பானது. ‘மனிதர்’ என்று மட்டும் கேட்டால் எந்திரத்தின் மனத்தில் இருப்பவர் வெளிர்நிற மேலைநாட்டு ஆண். இந்தியா, எகிப்து, சில லத்தீன் அமெரிக்க நாடுகளின் பெண்களைக் கேட்டால், ஆபாசமாக எதுவும் கேட்காதபோதும், பாலியல் சாயல் ஏறிய படங்கள் மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன.

கேட்காமலே அவிழ்க்கும் எந்திரத்தை வைத்துத் தோட்டத்துக் கதை செய்வதென்றால், சிலாங்கூர் தோட்ட வரலாற்றில் 1941ஐத் தாண்டிப் போக முடியாது.

அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்ற போராட்டம். கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருந்தது. கள்ளுக்கடையை மூடு என்பதும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கு என்பதும் இருந்தன. கூடவே இன்னொன்று: ஐரோப்பியர்களும் அவர்களுக்குக் கீழிருந்த ‘கறுப்பு ஐரோப்பியர்களும்’ எங்கள் பெண்கள்மீது கைவைப்பது நிற்க வேண்டும். மே மாதம் நாதன் கைதானார். படை வந்தது. சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில், வாழ்ந்த பெண்ணின் உடல்மீது துரைக்கும் கிராணிக்கும் இருந்த அதிகாரத்தை ஒரு தொழிற்போராட்டம் கூலியோடு சேர்த்துக் கேள்வி கேட்டது. அதனால் தோட்டத்தில் நடக்கும் காமக் கதை என்று எதைச் செய்தாலும் அது வெறும் காமக் கதையாக நிற்பதில்லை. துரை பங்களாவும் கங்காணியும் லயமும் ஒரே சட்டகத்துக்குள் வந்தாலே அதிகாரமும் உள்ளே வந்துவிடுகிறது. நல்ல எழுத்தாளர் கையில் இது பெருங்கதை. 1941இன் ஒரு மாலையில் அந்தப் பட்டியலில் எந்த வரியைச் சேர்ப்பது, எதை விடுவது என்று வாசகரையே முடிவெடுக்கச் சொல்லும் காட்சி நாவலை நினைத்துப் பார்க்கலாம். அந்த வடிவத்துக்கு அதைவிடப் பொருத்தமான தருணம் கிடைப்பது அரிது. அந்தக் காட்சியில் நிற்கும் பெண்ணின் ரவிக்கையை எந்திரம் தன் பழக்கத்தில் ஒரு விரற்கடை இறக்கிவிட்டால், துரை செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவரிடம் சொல்ல விடை இருக்காது.

மலேசியாவில் இதைச் செய்பவர் சட்டத்தையும் பார்க்க வேண்டும். ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடைசெய்தது. ஆபாசம், ஒழுக்கக்கேடு என்பது சொல்லப்பட்ட காரணம்; பயன்பட்டது 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், பதிப்புகள் சட்டம். படம் ஒன்றுகூட இல்லாத, கெடா தோட்டப்புற மக்களின் பேச்சுமொழியில் எழுந்த இலக்கிய நாவலுக்கே அந்தக் கதி. தடைக்கு முன் நாவலை எதிர்த்து எழுந்த குரல்களில் தமிழ்க் குரல்களும் இருந்தன என்பதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. இணையத்தில் வெளியிட்டால் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு காத்திருக்கிறது. 2025 திருத்தத்துக்குப் பின் அதன் அபராத உச்சம் ஐம்பதாயிரம் வெள்ளியிலிருந்து ஐந்து லட்சமாக உயர்ந்தது. கடையையே மூடிய கதையும் உண்டு. கடவுளர்கள் சண்டையிடும் ‘ஃபைட் ஆஃப் காட்ஸ்’ விளையாட்டுக்காக 2017 செப்டம்பரில் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடைத் தளம் முழுவதும் மலேசியாவில் சிறிது காலம் முடக்கப்பட்டது. எலி ஒன்று இருக்கிறதென்று வீட்டைப் பூட்டியதுபோல.

ஆனால் எல்லாக் கட்டுப்பாட்டையும் கேலி செய்துவிட முடியாது. 2025 ஏப்ரலில் ஜொகூர் கூலாயில் பதினாறு வயது மாணவன் ஒருவன் கைதானான். உடன்படித்தவர்களின் படங்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஆபாசமாக்கி, படம் இரண்டு வெள்ளி என்று விற்றான் என்பது புகார். 2026 ஜனவரியில், குரோக் செயலி பெண்களின் படங்களை அவிழ்த்துத் தருகிறது என்று இந்தோனேசியாவும் மலேசியாவும் அதைத் தற்காலிகமாகத் தடுத்தன. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற எந்திரங்கள் பயின்ற கிடங்கிலேயே அழுக்கு இருந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023 டிசம்பரில் லயான்-5பி என்ற படத்தொகுப்பைத் துழாவியபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறார் பாலியல் கொடுமைப் படங்களை உறுதிப்படுத்தினார்கள். தொகுப்பு உடனே பொதுவெளியிலிருந்து எடுக்கப்பட்டது. அனிமே பாணி எந்திரங்கள் பெண் என்றாலே பள்ளிச் சிறுமியின் வட்ட முகத்தைத் தரும் பழக்கம் உடையவை. முப்பத்தைந்து வயதுப் பால்வெட்டுக்காரியைக் கேட்டால் கிடைப்பது பதினைந்து வயது முகமாக இருக்கும் ஆபத்து உண்டு. வயதுவந்தோர் கதையில் அது அழகியல் பிழை மட்டும் அல்ல, குற்றத்தின் வாசல்.

கடைக்காரர்களும் தட்டுத் தடுமாறித்தான் வருகிறார்கள். 2023இல் எந்திரப் படங்கள் உள்ள விளையாட்டுகள் சிலவற்றை ஸ்டீம் திருப்பி அனுப்பியது. 2024 ஜனவரியில் மனம் மாறி, சொல்லிவிட்டு விற்கலாம் என்றது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கதவைச் சாத்தியது: விளையாடும்போதே எந்திரம் உடனுக்குடன் உருவாக்கும் பாலுறவு உள்ளடக்கம் கூடாது. இட்ச் தளம் அதே ஆண்டு நவம்பரில் இப்படி வெளிப்படுத்தும் விதியைக் கொண்டுவந்தது. ஜப்பானில் பிக்சிவ் நிறுவனத்தின் ஃபேன்பாக்ஸ் 2023இலேயே எந்திரப் படைப்புகளுக்கு இடமில்லை என்றிருந்தது. பிறகு 2025 ஜூலையில் யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து அடி விழுந்தது. ஆஸ்திரேலியக் குழு ஒன்று கடன் அட்டை நிறுவனங்களை நெருக்க, அவை கடைகளை நெருக்க, ஸ்டீம் பல வயதுவந்தோர் விளையாட்டுகளை நீக்கியது. இட்ச் அந்த வகை முழுவதையும் தேடலில் தெரியாதபடி ஒரே நாளில் மறைத்தது. கையால் வரைந்ததா, எந்திரம் போட்டதா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

இதில் எந்திரத்தை நம்பியவருக்கு இன்னொரு நட்டமும் உண்டு. ‘ஜார்யா ஆஃப் தி டான்’ என்ற படக்கதை மிட்ஜர்னி படங்களால் ஆனது. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் எழுத்துக்கும் படங்களை அடுக்கிய முறைக்கும் உரிமை தந்தது. தனித்தனிப் படங்களுக்குத் தர மறுத்தது. காட்சி நாவலுக்கு அதைப் பொருத்தினால், கதாநாயகியின் பேச்சு எழுத்தாளருக்குச் சொந்தம், அவள் முகம் எவருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் அதை எடுத்து எந்தக் கதையிலும் ஒட்டிக்கொள்ளலாம்.

பணமில்லை என்ற கேள்விக்கு ஜப்பானியர் ஒருமுறை அழகான விடை கண்டார்கள். 1994இல் சுன்சாஃப்ட் வெளியிட்ட ‘கமாயிதாச்சி நோ யோரு’வில் பாத்திரங்களுக்கு முகமே கிடையாது. உண்மையான பனிமலை விடுதியின் நிழற்படங்கள் பின்னணி. மனிதர்கள் அவற்றின்மேல் நீல நிழலுருவங்கள். பயமும் காதலும் வாசகரின் மனத்தில் முகம் பூண்டன. அந்த வழி கோலசிலாங்கூருக்குச் செல்லாதா? அலைபேசியில் எடுத்த செம்பனைச் சடக்கும், மாரியம்மன் கோயில் திடலும், கம்போங் குவாந்தானில் மின்மினி பூத்த பெரெம்பாங் மரமும் பின்னணியாக, முன்னே கறுத்த நிழலுருவங்கள். காமக் காட்சிக்கு நிழலைவிட நல்ல உடை ஏது? கோலாலம்பூரின் கைகான் கேம்ஸ் 2017இல் ‘சிமுலாக்ரா’வை வேறு வழியில் செய்தது. காணாமல் போன பெண்ணின் கைப்பேசியைத் துழாவும் அந்தக் கதையில் இருப்பவர்கள் கேமரா முன் நடித்த உண்மை நடிகர்கள். கேட்டு, நடித்து, பெயர் போட்டுக்கொண்டவர்கள்.

தமிழர் தரப்பில் சொல்ல ‘வெண்பா’ இருக்கிறது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட சிறிய சமையல் கதை. 1980களில் கனடாவுக்குக் குடியேறும் தம்பதி, அம்மாவின் சிதைந்த சமையல் குறிப்பு, இட்லி, புட்டு, தமிழ் பேசக் கூச்சப்படும் மகன். வயதுவந்தோர் முத்திரை அதற்கு இல்லை; ஆனால் வயதுவந்தவர்களின் களைப்பு நிறைய இருக்கிறது. கையால் வரைந்த அந்த விளையாட்டு 2024இல் பாஃப்டாவின் அறிமுகப் படைப்பு விருதை வென்றது. சமையலின் நுணுக்கங்கள் தப்பாமல் இருப்பதற்குக் காரணம், சரிபார்க்கத் தெரிந்த கண்கள் அருகில் இருந்தது.

வட சிலாங்கூரில் அப்படிச் சரிபார்க்க வேண்டியவை வேகமாக மறைகின்றன. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காகப் பல்லாண்டுகள் போராடியவர்கள். புக்கிட் தாகார் என்றால் இன்று வெளியார் பலருக்கு நினைவுக்கு வருவது குப்பை நிரப்பிடம். பின்னணிப் படம் எடுக்கப் போனாலும் பல இடங்களில் லயம் இருக்காது. மிஞ்சியிருப்பவை குடும்ப ஆல்பங்கள்: பட்டணத்து ஸ்டுடியோவில் எடுத்த கல்யாணப் படம், திருவிழாவில் தீச்சட்டியோடு நிற்கும் அத்தை, ஆயாக் கொட்டகை வாசலில் வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகள்.

எந்திரத்துக்குத் தெரியாததைக் கற்றுக்கொடுக்கவும் இப்போது வழி இருக்கிறது. லோரா என்ற முறையில் இருபது முப்பது படங்களைக் கொடுத்தால் போதும். துண்டு சுற்றிய விதமும் லயத்து வாசற்படியும் எந்திரத்துக்குப் பழகிவிடும். முகமும் பழகிவிடும். தோட்டத்தை உண்மையாகக் காட்ட வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு பாட்டியின் ஆல்பத்தை வருடியில் வைக்கும் பேரனுக்கோ பேத்திக்கோ, அந்தப் படத்தில் ஓரமாக நிற்கும் பக்கத்து லயத்துப் பெண் யார் என்றுகூடத் தெரிந்திருக்காது. கதையின் நாற்பதாவது காட்சியில் அவள் முகம் வரும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஸ்டுடியோக்காரர் ‘கொஞ்சம் இந்தப் பக்கம் பாரும்மா’ என்று சொன்னதற்குத்தான் அவள் தலையைத் திருப்பியிருந்தாள்.